ஸ்வீடனின் 99 விழுக்காடு: ஒரு திருத்தம்

“ஸ்வீடன் தன் குப்பையில் 99 விழுக்காட்டை மறுசுழற்சி செய்கிறது, போதாமல் பிற நாடுகளிடமிருந்து விலைக்கும் வாங்குகிறது” என்று சொல்வது பிழையானது. அங்கே வீட்டுக் குப்பையில் ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான் நிலத்தில் கொட்டப்படுகிறது என்பது உண்மை. குப்பையை நிலத்தில் கொட்டுவதன்மேல் 2000-இல் வந்த வரியும், எரியக்கூடிய கழிவைக் கொட்டுவதற்கு 2002-இலும் கரிமக் கழிவைக் கொட்டுவதற்கு 2005-இலும் விதிக்கப்பட்ட தடைகளும் இதற்குப் பெரிதும் உதவின. ஆனால் மீதி அனைத்தும் மறுபடியும் பொருளாவதில்லை. அதில் ஏறக்குறையப் பாதி உலைகளில் எரிக்கப்பட்டு, குழாய்வழி வெந்நீராக வீடுகளைச் சூடாக்கவும் மின்சாரம் எடுக்கவும் பயன்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ஆம் ஆண்டுக் கழிவு நெறிமுறை இப்படி எரிப்பதை மறுசுழற்சியாகக் கணக்கிடுவதே இல்லை. எரித்தபின் சாம்பல் மிஞ்சுகிறது, பிளாஸ்டிக் எரியும்போது கரியமில வாயுவும் வெளியேறுகிறது.

விலைக்கு வாங்குவதாகச் சொல்வதும் தலைகீழான செய்தி. உள்நாட்டுக் குப்பையால் நிரப்ப முடியாத அளவுக்கு உலைகள் கட்டப்பட்டுவிட்டதால், நார்வே, பிரிட்டன் போன்ற நாடுகளின் கழிவு அங்கே செல்கிறது. அதை எரித்துத் தருவதற்கான கட்டணத்தை அனுப்புபவர்களே செலுத்துகிறார்கள். உண்மையான சுழற்சிக்குச் சான்று வேண்டுமென்றால், அலுமினியக் கேன்களுக்கு 1984 முதல் நடந்துவரும் வைப்புத்தொகை முறையைக் காட்டலாம். கேனைத் திருப்பிக் கொடுத்தால் காசு திரும்பக் கிடைக்கிறது, உலோகமும் உருக்கப்பட்டுப் புதிய கேனாகிறது.