வி.பி. ஹாலில் மறுபடி நாடகம் போடலாமே

சென்ட்ரலில் இறங்குகிற வெளியூர்க்காரர் யாரும் ரிப்பன் மாளிகையைப் படம் எடுக்காமல் போவதில்லை. பக்கத்திலேயே செங்கல் நிறத்தில் நிற்கும் கட்டடத்தைக் கேட்டால், "ஏதோ பழைய ஆபீஸ்" என்பார்கள். கல்லூரிக்குப் போன மூன்று வருஷமும் பஸ் ஜன்னலில் இருந்து பார்த்த நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பூட்டிய கேட், மரங்களுக்குப் பின்னால் ஒரு கோபுரம், அவ்வளவுதான்.

அதுதான் விக்டோரியா பப்ளிக் ஹால், சுருக்கமாக வி.பி. ஹால். 1913-இல் வந்த ரிப்பன் மாளிகைக்கு அது அண்ணன். ஊருக்கென்று ஒரு டவுன் ஹால் வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் நன்கொடை திரட்டிக் கட்டியது. 1883-இல் ஆந்திரப் பக்கத்து விஜயநகரம் மகாராஜா அடிக்கல் நாட்டினார். இடம் மட்டும் நகராட்சியுடையது: 57 கிரவுண்டு, 99 வருஷக் குத்தகை, வாடகை கிரவுண்டுக்கு எட்டணா! ராணியின் பொன்விழா குறுக்கே வந்ததால் பெயரில் விக்டோரியா ஏறிக்கொண்டார். அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

வரைபடம் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் சிஷோமுடையது, கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியப் பாணிகள் கலந்த இந்த மாதிரிக் கட்டடங்களை இந்தோ சாரசெனிக் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அடுத்த முறை அந்தக் கோபுரத்தை நின்று பாருங்கள். உடம்பு இத்தாலியில் இருந்து வந்ததுபோல இருக்கும், தலையில் மட்டும் திருவிதாங்கூர்க் கோயில் கூரை. வேறு யாராவது செய்திருந்தால் மாறுவேடப் போட்டி மாதிரி ஆகியிருக்கும். சிஷோம் கைக்கு அது பொருந்திவிட்டது.

அப்புறம் உள்ளே நடந்தவை. 1896-இல், பாரிஸில் லூமியர் சகோதரர்கள் காசு வாங்கிப் படம் காட்டி ஒரு வருஷம் ஆவதற்குள், ஸ்டீவன்சன் என்பவர் இங்கே சலனப்படம் காட்டினார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் பேசினார். எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது நாடக ஆசிரியர் பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகக் குழுவான சுகுண விலாச சபைதான். கூத்தாடி என்றால் முகம் சுளித்த காலத்தில், வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் அரிதாரம் பூசிக்கொண்டு இந்த மேடையில் ஏறினார்கள். பகலில் கோர்ட், ராத்திரியில் வேஷம். தமிழ் நாடகத்துக்கு மரியாதை வந்ததில் இந்த மாடி ஹாலுக்கும் பங்கு உண்டு.

பிறகு குத்தகைத் தகராறு, பூட்டு, புழுதி. சரி, 30 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கி மாநகராட்சி சீரமைப்பில் இறங்கியதற்கு மனசாரப் பாராட்டு. ஆனால் கண்ணாடிப் பெட்டி, விளக்கப் பலகை, செல்ஃபி என்று அதை நிறுத்திவிடக் கூடாது என்பதே என் கட்சி. காட்சிக்கூடம் கீழே இருக்கட்டும். மாடி மேடையைச் சின்ன நாடகக் குழுக்களுக்குக் குறைந்த வாடகைக்கு விடுங்கள். ஹால் வாடகை கட்ட முடியாமல், போட்ட நாடகத்தை ஒரே தடவையோடு நிறுத்திய நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். எட்டணாவுக்கெல்லாம் கேட்கவில்லை.

சனி, ஞாயிறு சாயங்காலம் 6 மணிக்கு ஆரம்பித்தால் போதும். நாடகம் முடிந்து வெளியே வந்தால் பக்கத்திலேயே சென்ட்ரல். அரக்கோணத்துக்காரர்கூட கடைசி வண்டியைப் பிடித்துவிடுவார்.