பளபளக்கட்டும் பட்டாலியன்

மினியேச்சர் வீரர்களுக்கு வண்ணம் தீட்டுகிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இப்போதெல்லாம் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. பழைய பாணியில் தீட்டிய ஒரு படையை யாராவது காட்டுவார்கள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஷேடிங் (மடிப்புகளில் நிழல் காட்டும் பூச்சு) இல்லையே, வார்னிஷ் இப்படிப் பளபளக்குதே, பொம்மை மாதிரி இருக்கே" என்று பதில் வரும். பொம்மை மாதிரிதான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்கு: உலோகத்தில் வார்த்த, பெருவிரல் உயரம்கூட இல்லாத சிப்பாய்களை வரிசையாக மேஜைமேல் நிறுத்தி, அளவுகோலால் தூரம் அளந்து, பகடை உருட்டி, பழைய காலத்துப் போர்களை ஆடிப் பார்க்கும் விளையாட்டு இது. ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்று இதற்கு விதிப்புத்தகமே எழுதினார். அவர் ஆடியது பிள்ளைகள் விளையாடும் ஈயச் சிப்பாய்களை வைத்துத்தான். அதற்கு இருபது வருடம் முன்பு, 1893இல், பிரிட்டன்ஸ் என்ற பொம்மை நிறுவனம் ஒரு புது முறையில் வீரர்களைச் செய்யத் தொடங்கியிருந்தது. உருகிய ஈயத்தை அச்சில் ஊற்றி, வெளிப்பக்கம் இறுகியதும் மிச்சத்தைக் கவிழ்த்துவிடுவார்கள். உள்ளே கூடு. எடை குறைவு, ஈயமும் மிச்சம். 54 மில்லிமீட்டர் உயரத்தில் சிவப்புக் கோட்டும் கறுப்புத் தொப்பியுமாக, எனாமல் பூச்சு மின்னும் அந்த வீரர்கள்தான் இந்தப் பொழுதுபோக்குக்கு மூதாதையர். பளபளப்பு நமக்கு அங்கிருந்து வந்த சொத்து.

1960களிலும் 70களிலும் ஆடியவர்கள் அந்தச் சொத்தைக் கைவிடவில்லை. வீரர்கள் 25, 30 மில்லிமீட்டருக்குச் சிறுத்தார்கள், அவ்வளவுதான். இந்த விளையாட்டுக்கு விதிகள் எழுதிய சார்லஸ் கிராண்டின் புத்தகத்தில் ஒரு காலாட்படை பட்டாலியனுக்கு (படைப்பிரிவுக்கு) சிப்பாய்கள் மட்டுமே 48 பேர். அதிகாரிகளும் கொடிக்காரர்களும் மேளக்காரர்களும் தனி. 48 பேருக்கும் ஒரே நீலக் கோட்டு, ஒரே வெள்ளைக் குறுக்குவார், ஒரே கோணத்தில் துப்பாக்கி. அப்படி இரண்டு பட்டாலியன்கள் பச்சைத் துணி விரித்த மேஜையில் எதிரெதிரே நிற்பதை ஒரு முறை பார்த்துவிட்டால் மனம் அங்கேயே தங்கிவிடும்.

ஆடுகிறவர் எங்கே நிற்கிறார் என்பதை முதலில் யோசியுங்கள். மேஜை ஓரத்தில். அவர் கண்ணுக்கும் சிப்பாய்க்கும் நடுவே குறைந்தது மூன்று, நான்கு அடி. அந்தத் தூரத்தில் மேடான இடங்களில் வெளிர்நிறமாகப் பூசும் மூன்று அடுக்கு ஹைலைட்டும், பள்ளங்களில் ஓடவிடும் நீர்த்த பழுப்பு வாஷும் தனித்தனியாகத் தெரியாது. எல்லாம் கலந்து கோட்டுக்கே அழுக்கு நிறம் வந்துவிடும். உண்மையான மனிதர்களையே தூரத்தில் பார்த்தால் உடையின் நிறம் மங்கித்தான் தெரிகிறது. அதனால் சின்ன உருவத்துக்கு நிறத்தை ஒரு படி தூக்கியே வைக்க வேண்டும். ப்ரஷ்ய நீலத்தை உள்ளபடியே கருநீலமாகப் பூசினால் மேஜைமேல் கறுப்பாக நிற்கும். பழையவர்கள் வெள்ளை ப்ரைமர் (அடிப்பூச்சு) அடித்து அதன்மேல் துலக்கமான நீலம் பூசினார்கள். கண்ணுக்கு எது போய்ச் சேரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்று நடுவே கைபேசி வந்துவிட்டது. ஒரே ஒரு சிப்பாயைப் படம் எடுத்து, திரை முழுக்கப் பெரிதாக்கி, கண்விழியில் வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். தனி மரம் தோப்பாகாது என்று நாம்தானே சொல்கிறோம்! தோப்பை மதிப்பிட ஒரு இலையை ஏன் பறிக்க வேண்டும்? ஒரே உருவத்தில் இருபது மணி நேரம் உட்காருகிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. அது சிற்பத்தோடு சேர்ந்த ஒரு தனிக் கலை, கண்ணாடிப் பெட்டிக்கு உரியது. அந்த அளவுகோலைப் படையின்மேல் வைக்கும்போதுதான் ஒருவர் ஆசையாக ஆரம்பித்த 48 பேரில் ஐந்து பேரோடு களைத்துப்போய் மூட்டை கட்டிவிடுகிறார். அப்படிப் பாதியில் நின்றுபோன பெட்டிகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. பழைய வார்ப்புகளில் கோட்டு மடிப்பு ஒன்றோ இரண்டோதான், அதுவும் மழமழவென்று இருக்கும். முகம் என்றால் ஒரு மூக்கு, ஒரு தாடை. இப்போதைய உருவங்களில் ஆழமான மடிப்பு இருக்கிறது, வாஷ் அதில் போய்த் தங்குகிறது. பழைய உருவத்தில் அது தங்க இடமில்லை, திட்டுத்திட்டாக நிற்கும். தட்டையாக, சுத்தமாக, எல்லை பிசகாமல் பூசுவதுதான் அந்த உருவத்துக்குப் பொருத்தம். இது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒரு வெள்ளைக் குறுக்குவாரை நீலக் கோட்டின்மேல் ஒரே இழுப்பில் போட்டுப் பார்க்கட்டும். கை நடுங்கினால் மறைக்க ஷேடிங் கிடையாது.

நான் செய்கிற முறை இது. சோப்புத் தண்ணீரில் கழுவி, வார்ப்பு விளிம்பை அரத்தால் தேய்த்து, ஒரு மரச்சட்டத்தில் ஆறு பேராக ஒட்டிவிடுவேன். (பழைய உருவங்களில் ஈயம் அதிகம். தூசி மூக்கில் போகாமல் ஈரம் வைத்துத் தேயுங்கள், கையைக் கழுவுங்கள்.) அப்புறம் உடை உடுத்துகிற வரிசைதான்: முதலில் முகமும் கையும், பிறகு இடுப்புக்குக் கீழே, மேலே வெயிஸ்ட்கோட், அதன்மேல் கோட்டு, கடைசியில் வார்களும் துப்பாக்கியும். ஒரு தடவைக்கு இருபத்து நாலு பேர்; ஒரே நிறத்தை அத்தனை பேருக்கும் பூசி முடித்துத்தான் அடுத்த டப்பாவைத் திறப்பேன். பத்தாவது ஆள் வரும்போது கை தானாகப் போகும். கன்னத்தில் கொஞ்சம் சிவப்பு, கண்ணுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. அவ்வளவுதான், முகம் உயிர் பெற்றுவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த வேலை கொடி. தாளில் இரண்டு பக்கமும் வரைந்து, நடுவில் மடித்து, பசை தடவி, கம்பியைச் சுற்றி ஒட்ட வேண்டும். பசை காய்வதற்குள், ஈரத்தோடு, விரலால் மெல்ல அலை மாதிரி வளைக்க வேண்டும். காய்ந்த பிறகு தாளின் வெட்டு விளிம்பு வெள்ளைக் கோடாகத் துருத்திக்கொண்டு தெரியும். அதையும் கொடியின் நிறத்திலேயே பூசிவிட்டால், காற்றில் பறக்கிற பட்டுத்துணி!

நிறத்தைப் பற்றிய சண்டைகளில் மட்டும் நான் இறங்குவதில்லை. "இந்த நீலம் தப்பு" என்று ஒருவர் சொன்னால், எந்த வருடத்து நீலம், எத்தனை மழை பார்த்த நீலம் என்று கேட்கத் தோன்றுகிறது. பிரிட்டிஷ் சாதாரணச் சிப்பாயின் சிவப்பு மஞ்சிட்டி வேர்ச் சாயம், அதிகாரியின் சிவப்பு கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்தது. ஒரே பட்டாலியனுக்குள்ளேயே இரண்டு சிவப்பு. நெப்போலியன் காலத்தில் பிரிட்டனோடு இருந்த பகையால் நீலச் சாயம் தரும் அவுரி கிடைப்பது அரிதாகி, 1806இல் பிரெஞ்சுக் காலாட்படையில் சில ரெஜிமெண்டுகளுக்கு (பட்டாலியன்கள் சேர்ந்த பெரிய பிரிவு) வெள்ளைக் கோட்டே கொடுத்துப் பார்த்தார்கள். சாயம் கிடைப்பதைப் பொறுத்து கோட்டே மாறியபோது, டப்பாவில் இருக்கிற ஒரு நீலம்தான் சரி என்று அடித்துச் சொல்ல முடியாது. மடிப்புக் கழுத்து, மணிக்கட்டு மடிப்பு இவற்றின் நிறம் மட்டும் பிசகக்கூடாது. ஒரு ரெஜிமெண்டை இன்னொன்றிலிருந்து பிரித்துச் சொல்வது அதுதான்.

வார்னிஷுக்கு வருகிறேன். நானும் ஒரு காலத்தில் பளபளப்பே இல்லாத மேட் வார்னிஷ் கட்சியில்தான் இருந்தேன். வெள்ளைக் கோட்டு ஆஸ்திரியர்கள் இருபத்து நாலு பேரை ஒன்றரை மாதம் தீட்டி, ஈரக்காற்று அடித்த ஒரு மாலையில் மேட் ஸ்ப்ரே அடித்தேன். காலையில் பார்த்தால் எல்லோர்மேலும் பனி படிந்தது போல ஒரு வெண்திரை. சிவப்பு மடிப்புகள் சாம்பல் பூத்துவிட்டன. வயிறு கலங்கிப்போனது. ஒரு அனுபவஸ்தர் சொன்னார் என்று, நம்பிக்கையில்லாமல், ஒருவனுக்கு மட்டும் பிரஷால் பளபளக்கும் கிளாஸ் வார்னிஷ் பூசினேன். பிரஷ் போன வழியெல்லாம் திரை விலகி, உள்ளே இருந்த சிவப்பு மேலே வந்தது. அந்த நிமிடத்தை நான் மறக்கவில்லை. இருபத்து நாலு பேரும் பிழைத்தார்கள், முன்பைவிட அழகாகவும் ஆனார்கள். மேஜை விளக்கு அவர்கள் தோளில் பட்டபோது, சின்ன வயதில் ஈயச் சிப்பாயைப் பார்த்து ஏங்கிய ஏக்கம் அப்படியே திரும்பி வந்தது.

அதோடு, இவர்கள் ஆடப்படுகிறவர்கள். ஒரு ஆட்டத்தில் ஒவ்வொருவனையும் எத்தனை முறை விரல் தொடுகிறது! தொப்பி முனையும் பயனெட் (துப்பாக்கிக் கத்தி) முனையும் முதலில் உரியும். கெட்டியான கிளாஸ் வார்னிஷ் இரண்டு கை பூசினால் பல வருடம் தாங்கும். வைக்கிற இடத்தையும் பாருங்கள். ஓக் மரப் பெட்டி வேண்டாம். அந்த மரத்திலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கிவிடும். ஐம்பது வருடப் படை ஒன்று அப்படி உதிர்ந்து கிடந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இப்போது மேஜைமேல் ஏழாண்டுப் போர்க்காலத்து ப்ரஷ்யப் பட்டாலியன் ஒன்று நிற்கிறது. 48 பேரும் முடிந்துவிட்டார்கள், கொடி இரண்டும் காய்ந்துவிட்டது. மேளக்காரன் ஒருவன் மட்டும் பாக்கி. அவன் கோட்டின் கை முழுக்கச் சரிகைப் பட்டை, ஒவ்வொன்றாகப் போட வேண்டும். இன்று இரவு உட்காருகிறேன். வார்னிஷ் காய்ந்ததும் படம் போடுகிறேன், மூன்றடி தள்ளி நின்று எடுத்த படம்.