இங்கிலிசில் சொன்னால் சுடாதாக்கும்

சனிக்கிழமை மண்டபத்தில் நடந்ததை நான் விளக்கத் தேவையில்லை, ஊருக்கே தெரியும். லண்டனில் இருந்து வந்த அந்த அண்ணர் கலியாணப் பொம்பிளையைப் பார்த்து "அக்லி" என்றார். கேட்கப் போனால், "இங்கிலிசில தானே சொன்னவர், பகிடிக்கு" என்று அவருக்காகப் பக்கத்தில் நின்றவர் பதில் சொல்கிறார். ஓமோம், இங்கிலிசில் சொன்னால் சுடாதாக்கும்.

சரி, இங்கிலிசுக்கே போவோம். அக்லி அவர்களுடைய சொந்தச் சொல்லே இல்லை. வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகள் பேசிய பழைய நோர்ஸ் மொழியில் 'உக்கா' என்றால் பயப்படுதல், அதில் பிறந்த 'உக்லிகர்' பயமூட்டுவது. 13ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோதும் அதுதான் பொருள். பார்க்க வடிவில்லை என்பது 14ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் ஒட்டிக்கொண்டது. அதாவது அண்ணர் சொன்னது பொம்பிளையைப் பற்றியே இல்லை, தன் பயத்தைப் பற்றி. திரும்பவும் சொல்கிறேன், அந்தச் சொல்லுக்குள் இருப்பது பார்க்கிறவரின் பயம்.

எங்கட தமிழைப் பாருங்கோ. அணங்கு என்றால் வருத்தும் தெய்வம், அச்சம். 1081ஆம் குறளில் ஒரு பெண்ணின் அழகைக் கண்டு திகைக்கிறவன் முதலில் எடுப்பதே அந்தச் சொல்லைத்தான். அவனும் பயந்தவன்தான், ஆனால் மரியாதையாகப் பயந்தான்.

"வேர் என்னவாக இருந்தால் என்ன, இன்றைக்கு உள்ள பொருள்தானே பொருள்" என்று யாரும் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அப்படிக் கேட்கிறவரை ஒருநாளும் யாரும் அக்லி என்று கூப்பிட்டிருக்கமாட்டார்கள். "நீர் எல்லாத்தையும் பெரிசாக்கிறீர்" என்பவர்களுக்கு: ஓம், ஆக்குகிறேன்.

எட்டாம் ஆண்டில் கொப்பளிப்பான் வந்து மாறி, மூக்கிலும் கன்னத்திலும் பள்ளங்களோடு ரியூசனுக்குப் போனேன். தகரக் கொட்டில், முன் வாங்கு. எதிர்ச்சொல் படிப்பித்த மாஸ்டர் பலகையில் பியூட்டிஃபுல் என்று எழுதிவிட்டு, மற்றதைக் கேட்க சோக்கை என் பக்கம் நீட்டினார். அறுபது பிள்ளைகளும் ஒரே குரலில் "அக்லி". சரியான விடையாம். வீட்டுக்கு வந்து அலுமாரிக் கண்ணாடியைத் துவாய் போட்டு மூடினேன், அம்மம்மா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக்கொண்டிருந்தா. அறுபது பேரும் என்னைக் கண்டு பயந்தார்கள் என்று இப்போது வேரைக் காட்டி எழுதலாம். அன்றைக்குப் பயந்தது நான் ஒருத்திதான்.

சனிக்கிழமை அந்தப் பிள்ளைக்கும் கேட்டது. கேட்காத மாதிரி இருந்தாள், கூறைத் தலைப்புச் சரிகையை மட்டும் நகத்தால் நிமிண்டிக்கொண்டு. அதற்குள் அண்ணர் பந்திக்குப் போய்விட்டார்.

மாஸ்டர் இப்போது கனடாவில். போன மாதம் எனக்கு நட்பு அழைப்பு அனுப்பியிருக்கிறார். படத்தில் வடிவாகத்தான் இருக்கிறார். நான் இன்னும் ஒன்றையும் அழுத்தவில்லை.