பயாப்ஸி ரிப்போர்ட்டை வாங்காமல் விடாதீர்கள்
"அப்பெண்டிக்ஸை (குடல்வாலை) எடுத்தாச்சுன்னா கேன்சர் இருந்தாலும் அதோட போச்சு, பயாப்ஸி ரிப்போர்ட்டுக்கு அலைய வேணாம்" என்று சிலர் சொல்வது ஆபத்தான பேச்சு. குடல்வாலின் நுனியில் 1 செ.மீ.க்கும் சின்ன நியூரோஎண்டோக்ரைன் கட்டி (ஹார்மோன் சுரக்கும் வகை செல்களில் வரும் கட்டி), வெட்டிய ஓரம் சுத்தம், அதாவது அங்கே கட்டியின் செல்கள் இல்லை என்றால் சரி, பெரும்பாலும் அதோடு முடிந்தது. அந்தக் கட்டி 2 செ.மீ.யைத் தாண்டினாலோ, அடினோகார்சினோமா (சுரப்பி செல்களில் வரும் கேன்சர்) என்றாலோ, பெருங்குடலின் வலப்பகுதியை நிணநீர்க் கணுக்களோடு எடுப்பதுதான் வழக்கமான சிகிச்சை. சளி சுரக்கும் கட்டி உடைந்திருந்தால் இன்னும் மோசம்: வயிற்றுக்குள் ஜெல்லி போலப் பரவி, வருஷங்கள் கழித்து வயிறு உப்பும்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது. அப்புறம் படிந்ததையெல்லாம் அகற்றி, சுமார் 42 டிகிரி சூட்டில் கீமோ மருந்தை வயிற்றுக்குள் ஓடவிடும் பெரிய ஆபரேஷன். ரிப்போர்ட்டில் கட்டியின் அளவு, வெட்டிய ஓரம், உடைந்ததா என்ற மூன்றையும் தேடுங்கள். சந்தேகமிருந்தால் லேபில் ஸ்லைடு (கண்ணாடித் தகட்டில் வைத்த திசுச் சீவல்), பிளாக் (மெழுகில் பதித்த திசு) இரண்டையும் கேட்டு வாங்கி, சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் போன்ற இடத்தில் காட்டுங்கள்.