நின்றுபோன வரிசையில் என்ன முன்னுரிமை?

ஆமாம், அந்த வீடியோவில் கத்துகிற ஆள் நான்தான். ரெண்டு நாளாக மார்த்தாண்டம், குழித்துறை குரூப்புகளில் எல்லாம் ஓடுகிறதே, நீலச் சட்டை, தோளில் துண்டு. "கப்பல் மாமா" என்று பெயரும் வைத்தாயிற்று. சரி, நாலு நாளில் அடங்கிவிடும் என்று பேசாமல்தான் இருந்தேன். நேற்று ராத்திரி என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் அதை எனக்கே அனுப்பி, "சார், இது நீங்களா?" என்று கேட்டு, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மை நாலு போட்டிருந்தான். அப்புறமும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் வாத்தியாராக இருந்தே பிரயோஜனமில்லை.

கொச்சியில் நாங்கள் ஏற வேண்டிய உல்லாசக் கப்பல் தாமதமாக வந்தது, காத்துக் கிடந்தவர்களை நிறுத்திவிட்டு முன்னுரிமைக்காரர்களை முதலில் ஏற்றினார்கள், நான் கத்தினேன். அதை ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். முன்னுரிமை என்பது ஓடுகிற வரிசைக்கு. நின்றுபோன வரிசைக்கு அது செல்லாது.

சாதாரண நாளில் கப்பலேறுவது எப்படி? ஒவ்வொருவருக்கும் வரவேண்டிய நேரம் முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். பெரிய பெட்டியைச் சீட்டுக் கட்டி வாசலில் ஒப்படைக்க வேண்டும், சோதனை முடிந்து, அறைச் சாவி அட்டையை வாங்கிக்கொண்டு ஏற வேண்டும். பெரிய அறை எடுத்தவர், அடிக்கடி போகிறவர், கூடுதல் பணம் கட்டியவர் எல்லாம் தனி வழியில் கொஞ்சம் முன்னால் போவார்கள். போகட்டுமே. அவர் இருபது நிமிடம் முந்தினால் எனக்கு இருபது நிமிடம் பிந்தும். அதில் யாருக்கும் முட்டு தேயாது.

கப்பலே தாமதமாக வந்தால் கதை வேறு. முந்தைய பயணத்தில் வந்தவர்கள் இறங்க வேண்டும், அறைகளைக் கூட்டிப் பெருக்கிப் படுக்கை மாற்ற வேண்டும், அதுவரை ஒருத்தரும் ஏற முடியாது. வரவேண்டிய நேரம் என்று கொடுத்த கணக்கெல்லாம் அந்த இடத்திலேயே செத்துப்போகிறது. ரெண்டு மணிக்காரரும் நாலு மணிக்காரரும் ஒரே கூடத்தில் நிற்கிறார்கள். அங்கே எல்லாரும் பணம் கட்டியவர்கள்தான், எல்லாரும் காத்திருந்தவர்கள்தான். அப்போது கதவைத் திறந்ததும் முதலில் கூப்பிட வேண்டியது யாரை? வயதானவர்களை, கைக்குழந்தைக்காரர்களை, அதிக நேரம் நின்றவர்களை. இது கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. நம்ம ஊர்க் கல்யாணத்தில் பாயசம் வரத் தாமதமானால் என்ன செய்கிறோம்? பிள்ளைகளையும் கிழடுகளையும் முதல் பந்தியில் உட்கார்த்து என்று யாராவது ஒரு பெரியவர் சத்தம் போடுவார். அவரை யாரும் வீடியோ எடுப்பதில்லை.

தாமதச் செய்தி எங்களுக்கு வந்தபோது நாங்கள் வந்த பரசுராம் எக்ஸ்பிரஸ் கோட்டயம் தாண்டியிருந்தது. "உங்கள் நேரம் 5 மணிக்கு மாற்றப்பட்டுள்ளது." சரி, மாற்றிக்கொள்கிறோம். எங்கே போய் மாற்றிக்கொள்வது? கொச்சிக்காரர் வீட்டில் ஒரு தூக்கம் போட்டுவிட்டு வரலாம். குழித்துறையில் விடியுமுன் ரயிலேறிய 72 வயசு அம்மாவை நான் எங்கே படுக்கப்போடுவேன்? ஒன்றரை மணிக்குக் கொச்சித் துறைமுகம் இருக்கிற வில்லிங்டன் தீவில் போய் இறங்கினோம். பெட்டியை வாங்கிக்கொண்டார்கள், மாத்திரையும் அதற்குள் போய்விட்டது. ஆட்களை வாங்கிக்கொள்ளவில்லை.

இந்த இடத்தில் ஒரு கூட்டம் "மாத்திரையைப் பெரிய பெட்டியில் வைத்தது யார் தப்பு?" என்று கேட்கிறது. என் தப்பு. மாத்திரை எப்போதும் கைப்பையில் இருக்க வேண்டும். ஒப்புக்கொண்டேன். இன்னும் எத்தனை பேர் கேட்கப் போகிறீர்கள்?

அந்தக் கூடத்தில் சிவப்புக் கயிறு கட்டி முப்பது நாற்காலி காலியாகக் கிடந்தது. முன்னுரிமைக்காரர்களுக்காம். அவர்கள் செய்தியைப் பார்த்து வீட்டில் இருந்தார்கள், அவர்களுடைய நாற்காலி எங்களைப் பார்த்துக்கொண்டு இருந்தது. அம்மாவுக்கு முழங்கால் முட்டு மாற்றி ஒரு வருஷம்தான் ஆகிறது. ஒரு தூணில் சாய்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் துண்டை விரித்து உட்கார்ந்தாள். என் துண்டு. வீடியோவில் அது தோளில் இருக்கிறது என்றால், அம்மா எழுந்துவிட்ட பிறகு எடுத்தது என்று அர்த்தம். சக்கர நாற்காலி கேட்டேன். முன்பதிவு செய்திருக்க வேண்டும் என்றார்கள். "சேட்டா, ஒரு அஞ்சு மினிட்டு" என்று அங்கே நின்ற கப்பல் கம்பெனிப் பெண் பிள்ளை சொன்னதைக் கூட்டிப் பார்த்தால் நான் இன்னும் அங்கேயேதான் நிற்க வேண்டும். அவளைக் குறை சொல்லவில்லை. யாரோ ஏசி அறையில் இருந்து போட்ட சட்டத்துக்கு அவள் முகம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நேரம் போக்க மகனுக்கு அந்தத் தீவின் கதையைச் சொன்னேன். துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டிய மண்ணைக் கொட்டி பிரிஸ்டோ என்ற வெள்ளைக்கார எஞ்சினீயர் உண்டாக்கிய தீவு. அவன் கேட்டான்: "ஒரு ஆளு தீவையே உண்டாக்கிட்டாரு, இவங்களுக்கு ஒரு வரிசை உண்டாக்கத் தெரியாதா?" பிள்ளைக்குத் தெரிகிறது.

ஏழு மணி தாண்டிக் கதவு திறந்தது. முதலில் பெரிய அறைக்காரர்கள். அப்புறம் அடிக்கடி போகிற அட்டைக்காரர்கள். அப்புறம் கூடுதல் பணம் கட்டியவர்கள், அதில் பாதிப் பேர் அப்போதுதான் டாக்சியில் வந்து இறங்கி, குளித்த தலையோடு, பவுடர் மணக்க எங்களைத் தாண்டிப் போனார்கள். நான் கத்தினது அப்போதுதான். இருபத்திரண்டு நொடி கத்தினேன். ஐந்தே முக்கால் மணி நேரம் கத்தாமல் இருந்ததற்கு வீடியோ இல்லை.

"பணம் கொடுத்தவன் முன்னால் போகிறான், உனக்கு ஏன் எரிகிறது?" இதைத்தான் அதிகம் பேர் எழுதியிருக்கிறீர்கள். ரயில் நாலு மணி நேரம் லேட்டாக வருகிறது. ஏசி டிக்கெட்காரர் எல்லாம் ஏறி உட்கார்ந்து போர்வை போர்த்தும்வரை பொதுப்பெட்டிக் கதவைப் பூட்டியா வைக்கிறார்கள்? அவர் கொடுத்த கூடுதல் பணத்துக்குக் கப்பல்காரர்கள் பதில் சொல்லட்டும். பணத்தைத் திருப்பிக் கொடுக்கட்டும், உள்ளே ஒரு நல்ல சாப்பாடு போடட்டும். என் அம்மாவின் நேரத்தை எடுத்து அவருக்குக் கொடுக்கக் கூடாது. அது அவர்கள் சொத்து இல்லை.

முன்னால் ஏறியவர் எங்கே போய்விட்டார், அதைச் சொல்லுங்கள். கப்பல் அதே கயிற்றில்தான் கட்டிக் கிடக்கிறது. கடைசி ஆள் ஏறாமல் கிளம்பாது. 2012 ஜனவரியில் இத்தாலியில் கோஸ்டா கன்கார்டியா பாறையில் மோதி 32 பேர் செத்தார்களே, அன்று மாலை ஏறிய பலருக்கு ஆபத்து நேரத்தில் எங்கே கூட வேண்டும் என்ற பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதற்கு அப்புறம் விதியை மாற்றினார்கள். கிளம்புமுன் அல்லது கிளம்பின உடனே பயிற்சி நடந்தாக வேண்டும். ஆக, முந்திப் போன மகராசனும் உள்ளே எங்களுக்காகத்தான் காத்திருந்தார். என்ன, கையில் தட்டோடு காத்திருந்தார். ஒரு அண்ணன் கமென்டில் "பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து" என்று போட்டிருந்தார். அண்ணே, முந்தினது நான் இல்லை, சரியாகப் படியுங்கள்.

"பணம் கட்டியவருக்கும் வயதான அம்மா இருக்கலாமே?" இருக்கலாம். சரி, அடுத்தது.

"ரேஷன் கடையில் ஜனம் நிற்கிறது, இவருக்குக் கப்பல் கேட்கிறது." இதுதான் குத்தியது. என் அப்பா 1978-ல் பம்பாயிலிருந்து வளைகுடாவுக்குக் கப்பலேறினவர். டெக் டிக்கெட், அதாவது அறை கிடையாது, தளத்தில்தான் படுக்கை. அறை டிக்கெட்காரர்கள் ஏறி முடியும்வரை வெயிலில் தகரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்த கதையை ஊருக்கு வரும்போதெல்லாம் சொல்வார், சிரித்துக்கொண்டேதான் சொல்வார். வழியனுப்பக்கூட அம்மாவால் பம்பாய் போக முடியவில்லை, நான் அப்போது வயிற்றில். கப்பலுக்குள்ளே எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. வருஷக்கணக்காகச் சேர்த்து, ரெண்டு ராத்திரி பயணத்துக்கு, இருப்பதிலேயே சின்ன, ஜன்னல் இல்லாத அறை எடுத்தேன். ரேஷன் கடையிலும் நான் நிற்கிறேன் ஐயா. எங்கள் கடைக்காரர் வயசானவர்களை முன்னால் கூப்பிடுவார்.

சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன், சொல்லிவிடுகிறேன். நான் கத்தும்போது பின்னாலிருந்து ஒருவர் "ஈ பாண்டிகள்" என்று, தமிழர்களை இளக்காரமாகச் சொல்கிற வார்த்தையால், முனகினார். எனக்கு மலையாளம் தெரியாது என்று நினைத்திருப்பார். களியக்காவிளையில் பாதி நேரம் அந்தப் பாஷைதானே பேசுகிறோம். 1956-ல் எங்கள் குமரி மாவட்டம் கேரளப் பக்கமிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் வந்து சேர்ந்தது, சென்னையில் என் மச்சினன் வீட்டுக்குப் போனால் "வாங்க மலையாளி" என்கிறார்கள், கொச்சிக்குப் போனால் பாண்டி. எந்த வரிசையிலும் நமக்கு முன்னுரிமை இல்லை. இதுக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அன்றைக்குச் சம்பந்தம் இருந்தது போலத் தோன்றியது.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்து, "மக்களே, விட்டுரு, ஆளுவ பாக்குது" என்றாள். விட்டுவிட்டேன். ஒன்பதே காலுக்கு ஏறினோம். மாத்திரை பெட்டியோடு பத்தரைக்கு அறைக்கு வந்தது.

திரும்பி வந்ததும் மெயில் ஒன்று வந்திருக்கிறது. சிரமத்துக்கு வருத்தமாம். அடுத்த பயணத்தில் முன்னுரிமைச் சீட்டுக்குப் பாதி விலை தள்ளுபடியாம். அழித்துவிடத்தான் போனேன். இன்னும் அழிக்கவில்லை.

வீடியோ எடுத்த தம்பிக்கு ஒரு வார்த்தை. நீ நம்ம பக்கத்து ஆள்தான் என்று தெரிகிறது, கோபமில்லை. வெட்டாமல் முழுசாகப் போடு. "நான் அதுல வாறேனா?" என்று அம்மா ரெண்டு நாளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.