அந்தக் குழந்தைகளுக்கு அம்மா இருக்கிறாள்

கென்யாவில் ஒரு அநாதை இல்லத்துக்குச் சேவை செய்யப் போன டீம், அங்கிருக்கும் பிள்ளைகளை யாருமற்றவர்கள் என்று காட்டி ஒரு வீடியோ போட்டிருந்தது. அதற்குக் கீழே நான் போட்ட கமென்ட்தான் இரண்டு நாளாகப் பேச்சு. "இதில் எத்தனை பிள்ளைகளுக்கு அப்பா அம்மா இருக்கிறார்கள் என்று விசாரித்தீர்களா?" இவ்வளவுதான் கேட்டேன். பொறாமைக்காரி, கல்நெஞ்சக்காரி என்று வந்துவிட்டது. பதில்தான் வரவில்லை.

நான் சும்மா கேட்கவில்லை. நைரோபியில் வேலை பார்த்தபோது, அலுவலகக் குழுவோடு விக்டோரியா ஏரிக்கரையில் ஹோமா பே பக்கம் ஒரு அநாதை இல்லத்துக்குப் போயிருக்கிறேன். சுவருக்குப் பெயிண்ட் அடித்தோம், நோட்டுப் புத்தகம் கொடுத்தோம். ஆறு வயதிருக்கும் ஒரு பெண் குழந்தை என் துப்பட்டா நுனியை விடாமல் பிடித்துக்கொண்டே திரிந்தாள். சாயங்காலம் கேட்டுக்கு வெளியே ஒரு பெண் வந்து நின்றாள். தலையில் காலி பேசின், மேலெல்லாம் ஓமெனா கருவாட்டு வாசனை. குழந்தை ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டது. பெற்ற அம்மா. அப்பா இறந்துவிட்டார். அங்கே ஆரம்பக் கல்வி 2003-லிருந்து இலவசம்தான். ஆனால் யூனிஃபார்ம், பரீட்சைப் பணம், சாப்பாடு என்று வரும்போது சந்தைக் காசு பற்றவில்லை. இல்லத்தில் விட்டால் படிக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிள்ளையின் கழுத்தழுக்கை முந்தித்துணியால் துடைத்து, சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

அன்று ராத்திரி எங்கள் குழு போட்ட பதிவில் அந்தக் குழந்தையும் "யாருமற்றவள்". அம்மாவைக் கண்ணால் பார்த்த பிறகும் அப்படித்தான் எழுதினார்கள்.

இது ஏதோ ஒரு ஊர்க்கதை இல்லை. உலகம் முழுக்க இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருப்பதாக சேவ் த சில்ட்ரன் என்ற சர்வதேசத் தொண்டு நிறுவனம் 2009-லேயே சொல்லிவிட்டது. 2017-ல் கென்யா புதிய இல்லங்களைப் பதிவு செய்வதையே நிறுத்தியது. 2022-ல் பிள்ளைகளைக் குடும்பத்துக்குத் திருப்பி அனுப்பப் பத்தாண்டுத் திட்டம் போட்டது. ருவாண்டா 2012-லேயே இல்லங்களை மூட முடிவெடுத்துவிட்டது. அந்த நாட்டுக்காரர்களே வேண்டாம் என்கிறார்கள். நாம் டிக்கெட் போட்டுப் போய்க்கொண்டே இருக்கிறோம்.

"நிஜமாகவே யாரும் இல்லாத குழந்தை என்ன செய்யும்?" சரி, நியாயமான கேள்வி. அப்படிப்பட்ட பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கும் முதலில் தேட வேண்டியது பாட்டியை, சித்தியை.

"நீ என்ன கிழித்தாய்?" இதுதான் வலிக்கிறது. பத்து வருஷமாக என்னைத் தெரிந்தவர்களே கேட்கிறார்கள். நான் என்ன செய்தேன் என்று போட்டோ போட்டதில்லை, அதனால் ஒன்றும் செய்யவில்லை என்று முடிவு கட்டிவிட்டீர்களா? நீங்கள் போகும்போது அழுத பிள்ளையை எத்தனை பேர் வீடியோ எடுத்தீர்கள்? அது அன்பில் அழுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மாதாமாதம் புதிதாக ஒருவர் வந்து தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போனால் எந்தக் குழந்தைதான் அழாது? உங்கள் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குள் முன்பின் தெரியாதவர்கள் கேமராவோடு நுழைந்து மடியில் தூக்கி வைத்துக்கொண்டால் விடுவீர்களா? அந்தக் குழந்தைகளுக்கும் அம்மா இருக்கிறாள். அவளிடம் யார் அனுமதி கேட்டது?

டிசம்பரில் அடுத்த குழு கிளம்புகிறதாம், பயணச் செலவுக்கு நன்கொடை கேட்டு எனக்கும் மெசேஜ் வந்திருக்கிறது. விமான டிக்கெட்டுக்கு ஒரு ரூபாய்கூடத் தர மாட்டேன். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவைத்து, அந்த வீட்டுக்குப் பள்ளிச் செலவு கொடுத்து, மாதாமாதம் போய்ப் பார்க்கும் சமூகப் பணியாளர்கள் கென்யாவிலேயே இருக்கிறார்கள். என் பணம் அவர்களுக்குத்தான் போகும்.