கணக்குத் தெரிந்தால் மட்டும் போதுமா?

கணக்காளர்கள் அரசியலுக்கு வந்தால் நகரங்கள் கடனில் மூழ்காது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சரி, நியூயார்க்கின் ஏப் பீம்? கணக்கியல் ஆசிரியராக இருந்தவர், நகர பட்ஜெட் இயக்குநராகி, இரண்டு தவணை தலைமை நிதி அதிகாரியாக இருந்து, 1974-ல் மேயரானார். மறு வருடமே நகரம் திவாலின் விளிம்பில்! அன்றாடச் செலவை மூலதனக் கணக்கில் (கட்டடம், பாலம் போன்ற நீண்டகாலப் பணிகளுக்கானது) தள்ளிவிட்டு, குறுகிய காலக் கடனைப் புதுக் கடன் வாங்கி அடைத்து உருட்டிக்கொண்டே போனதுதான் வினை. முந்தைய மேயர்களுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் அந்தப் பேரேடு எத்தனை வருடம் இவர் மேசையில் இருந்தது! 1975 அக்டோபரில் ஆசிரியர் சங்க ஓய்வூதிய நிதி, நகரத்தைக் காப்பாற்ற வெளியிடப்பட்ட கடன் பத்திரங்களை வாங்கியதால்தான் தப்பித்தார்கள். அதற்கு முன்பே மாநில அரசு ஒரு கட்டுப்பாட்டு வாரியம் அமைத்து, நிதி அதிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டது. அப்புறம் 1977-ல் மேயர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில், போட்டியாளர்கள் எட் காச், மரியோ குவோமோ இருவருக்கும் பின்னால் பீமுக்கு மூன்றாமிடம்தான்.